அப்படியே

பழைய வீட்டு அடுப்படியைச் சீர்செய்யும்போது சிமெண்டை விட, டைல்ஸை விட, கொத்தனார் கூலியை விட அதிகம் செலவு வைக்கிற சரக்கு ஒன்று உண்டு. எந்த எஸ்டிமேட்டிலும் அதை எழுத மாட்டார்கள். ‘அப்படியே’ என்ற சொல்தான் அது. “மேடையைத்தான் ஒடைக்கிறோம்ல, அப்படியே பின்னாடிச் செவத்து டைல்ஸையும் எடுத்துரலாம்ண்ணே.” டைல்ஸை எடுத்தால் அப்படியே காரையும் பெயரும்; மதுரையில் மாசி வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகளில் செங்கல்லைப் பிடித்து வைத்திருப்பது சுண்ணாம்பு. காரை பெயர்ந்தால் வயரிங் தெரியும். வயரிங் தெரிந்தால் எலெக்ட்ரீஷியன் தேவைப்படுவார். அந்த வீடுகள் பலவற்றுக்கும் இடையே ஒரே சுவர் என்பதால், கடப்பாரை இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போனால் பக்கத்து வீட்டுக்காரரும் தெரிவார்.

இதற்குக் கொத்தனாரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வேலையைத் தொடங்கச் சொல்வது நாம்தான். ஷட்டர் என்ன கலர், டைல்ஸில் பூ வேண்டுமா வேண்டாமா என்று ஆரம்பித்தால், ஒரு பளபளப்பு பக்கத்தில் இருக்கிற பத்து மங்கலைக் காட்டிக்கொடுத்துவிடும். கையிருப்பு குறைவாக இருந்தால் முதல் ரூபாய் சாக்கடைக்கு, அடுத்தது பிளக் பாயின்ட்டுக்கு, மூன்றாவது ஜன்னலுக்கு என்பது என் கட்சி. மிச்சம் இருந்தால் அழகுக்கு. கழிவுநீர்க் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் வேண்டும். பத்தடிக்கு இரண்டரை அங்குலம். அது இல்லாவிட்டால் சிங்க் இத்தாலியிலிருந்தே வந்திருந்தாலும் அரிசி கழுவிய தண்ணீர் அதில் நின்று யோசிக்கும். மதுரையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, கீழடியில், 2019-இல் நடந்த ஐந்தாம் கட்ட அகழாய்வில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய சுடுமண் குழாய்கள் கிடைத்தன. ஒரு ஷட்டர் கதவுகூடக் கிடைக்கவில்லை. மரம் மட்கிப்போயிருக்கும் என்பீர்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன். அதிலும் சிங்குக்கு அடியில் வைக்கிற பார்ட்டிகிள் போர்டு மட்குவதற்கு இரண்டாயிரம் ஆண்டெல்லாம் வேண்டாம். குழாயில் ஒரு சொட்டு ஒழுகினால் போதும்.

பிளக் பாயின்ட் விஷயம் கொஞ்சம் அரசியல் கலந்தது. 2006-இல் வந்த ஆட்சி இலவச கேஸ் அடுப்பு கொடுத்தது; 2011-இல் வந்த ஆட்சி மிக்சியும் கிரைண்டரும், கூடவே மின்விசிறியும் கொடுத்தது. தமிழ்நாட்டு அடுப்படியின் வரலாற்றில் இவை பெரிய புரட்சிகள். இதில் எனக்குக் கேலி இல்லை. ஆனால் செருகுவதற்குச் சுவரில் ஓட்டையை எந்த ஆட்சியும் கொடுக்கவில்லை. ஆகவே பழைய அடுப்படிகளில் கிரைண்டர் ஓடும்போது மிக்சி மௌன விரதம் இருக்கும். ஃபிரிட்ஜுக்கான கரண்ட் ஹாலிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாக நிலைப்படியைத் தாண்டி வரும், தாண்டுகிறவர் காலையும் ஒரு கை பார்க்கும். நாலு பிளக் பாயின்ட்டும் ஒழுங்கான எர்த்தும் போட ஆகும் செலவு, மாடுலர் கிச்சனின் ஒரு மூலை அலமாரிக்குக்கூடக் காணாது.

இடம் பத்தாது, அதனால்தான் சுவரை இடிக்கிறோம் என்பார்கள். 1926-இல் மார்கரெத்தே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு ஒரு சமையலறை வரைந்தார். அகலம் ஆறேகால் அடி, நீளம் பதினொன்றேகால் அடி. இன்றைய மாடுலர் கிச்சனுக்கெல்லாம் அதுதான் பாட்டி. சமைப்பவர் எத்தனை எட்டு நடக்கிறார் என்று கணக்குப் பார்த்து வரைந்ததால் அந்த இடமே போதுமாக இருந்தது. அதை வரைகிற வரையில் தான் சமைத்ததே இல்லை என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். சமைக்காத அவர் அளந்தார்; தாளிக்கும் கைக்கும் கடுகு டப்பாவுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளக்க நம் வீட்டில் யாரும் டேப்பை எடுப்பதில்லை.

இன்னொரு ஆட்சேபம் இருக்கிறது, அது வலுவானது. நாளெல்லாம் அங்கே நிற்பவருக்கு அழகு வேண்டாமா? வேண்டும். ஆனால் மிளகாய் வற்றல் தாளிக்கிற வீட்டில் முதல் அழகு, புகை வெளியே போவது. பரணுக்குக் கீழே அடைத்துவிட்ட ஜன்னலைத் திறந்து, சுவருக்கு வெள்ளையடித்தால் பாதி அழகு வந்துவிடும். மேடைக் கல்லை மாற்றியே ஆக வேண்டும் என்பவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம். மேலூர்ப் பக்கத்தில் மலைகள் கிரானைட்டாகப் போன கதையை 2012-இல் மதுரை ஆட்சியராக இருந்த சகாயத்தின் அறிக்கை ஊருக்குச் சொன்னது. மெருகு மங்கிய கல்லை மறுபடி பாலிஷ் போட முடியும், மலையை முடியாது. பழைய சாமானை வைத்துக்கொள்வது கௌரவக் குறைச்சல் என்றால், திருமலை நாயக்கர் மகாலின் பல பகுதிகளைப் பெயர்த்துத் திருச்சிக்குக் கொண்டுபோனதாகச் சொல்லப்படும் சொக்கநாத நாயக்கரிடம்தான் கேட்க வேண்டும்.

கடைசியில் ஆட்டுக்கல் இருக்கிறது. மூலையில், தரையில் பாதி புதைந்து, இலவச கிரைண்டர் வந்த நாளிலிருந்து வெங்காயக் கூடைக்குப் பீடமாக. புதுத் தரை போட அதை எடுத்தாக வேண்டும். எடுக்க நாலு ஆள் வேண்டும். எடுத்தால் கீழே பள்ளம், பள்ளத்தை நிரப்ப ஜல்லி, ஜல்லி கொண்டுவர வண்டி. கொத்தனார் கடப்பாரையை ஒரு தடவை கொடுத்துப் பார்ப்பார், நெற்றி வியர்வையைத் துண்டால் துடைப்பார், சித்தாளைப் பார்ப்பார். பிறகு, அந்த வேலையிலேயே முதல் முறையாகக் காசை மிச்சம் பிடிக்கிற அர்த்தத்தில் அந்தச் சொல் வரும்: “இது அப்படியே இருக்கட்டும்ண்ணே.”