மருமகன் வீட்டுக் கரண்ட்

மார்கழி, தை விடியப்புறங்களில் வாடை அடித்து 22 பாகைக்கு இறங்கினால், யாழ்ப்பாணத்து மண்டைதீவில் நாங்கள் தலையைச் சுற்றித் துவாய் கட்டிக்கொண்டுதான் படலை திறக்கப் போவோம். கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் என் மருமகன் அதே 22 பாகையை வீட்டுக்குள் வரவழைக்க, நிலவறையில் பேர்னஸ் எரித்து மாதாமாதம் காஸ் பில் கட்டுகிறான். அந்த 22ஐக் காவல் காக்கச் சுவரில் ஒரு ஸ்மார்ட் தெர்மோஸ்ரற். ஆள் வெளியே போனால் தானே சூட்டைக் குறைக்கும். வேலையால் வரும் வழியிலேயே போனில் கூட்டலாம்.

போன தை மாதம், வெளியே சைபருக்குக் கீழே 18 பாகை நிற்கையில், அது கண்ணை மூடிவிட்டது. அங்கே இரவு பதினொரு மணி. இங்கே காலை ஒன்பதரை. உதவி இலக்கத்துக்கு எடுத்தால் பாட்டுத்தான் ஓடுகிறதாம். வட்ஸ்அப்பில் என்னைப் பிடித்தான்.

கனடாவில் இத்தனை பொறியியலாளர் இருக்க, ஒரு தீவானிடம் ஏன் கேட்கிறான் என்று நினைப்பீர்கள். கரண்ட் இருப்பதைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். இல்லாமல் இருப்பதைப் பற்றி எங்களிடம்தான் கேட்கவேண்டும். 1990இல் போரால் தீவை விட்டு வெளிக்கிட்டுக் குடாநாட்டில் இருந்த காலத்தில் ஜாம் போத்தலில் விளக்குச் செய்து படித்த சனம் நாங்கள். பற்றரி தடைசெய்த பொருள். ஓய்ந்த பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு செய்தியறிக்கை கேட்போம். அதுவும் செத்தால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதிக்க, டைனமோவில் றேடியோ ஓடும். மிதிக்கிறவர் களைத்தால் உலகச் செய்தியும் களைக்கும்.

மருமகனுக்கு இது தெரியாததல்ல. ஆனால் 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து இலங்கை முழுவதும் கரண்ட் போனதாக அமைச்சரே சொன்ன பிறகு, ஒரு கிழமையாக எனக்குக் குரங்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்தான். நான் 2003 ஓகஸ்ட் 14ஐ நினைவூட்டினேன். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் வெட்டாமல் விட்ட மரங்கள் லைனில் முட்டின. எச்சரிக்க வேண்டிய கணினி மென்பொருளோ வாய் திறக்கவில்லை. ரொறன்ரோவையும் சேர்த்து ஏறக்குறைய 5 கோடிப் பேர் இருட்டில். எங்களிடம் குரங்கு, உங்களிடம் மரம். நல்ல பொருத்தம் என்றேன். படம் வருவது நின்றது.

அந்தத் தை இரவு வட்ஸ்அப்பில் நான் சொன்னது:

"முதல்ல வீட்டிலை கரண்ட் இருக்கோ பார்."

"லைற் எரியுது மாமா. பேர்னஸ்தான் நிக்குது."

"அது காஸிலை எரியிறதெல்லே? அதுக்கேன் கரண்ட்?"

பொறி தட்ட, காற்றாடி சுற்ற, எல்லாவற்றையும் ஆட்டுவிக்கும் பலகைக்கு என்று எல்லாவற்றுக்கும் கரண்ட் வேண்டுமாம். குழாய் நிறையக் காஸை வைத்துக்கொண்டு விறைப்பதற்கு இவ்வளவு படிப்புத் தேவை!

நிலவறைக்கு இறக்கினேன். பிறேக்கர் விழவில்லை. பேர்னஸ் கதவு சரியாகப் பொருந்தாவிட்டால் உள்ளே ஒரு சுவிச் கரண்டை அறுத்துவிடும். அந்த வீட்டில் இருக்கும் என் தங்கச்சி அந்தச் சூட்டுக்கு மோர்மிளகாய் காயவைக்கிறவள் என்பதால் எனக்குப் பலத்த சந்தேகம். கதவு சரி, மிளகாயும் நல்லாய்க் காய்ந்திருந்தது. தண்ணீர் வடியும் குழாய் அடைத்தாலும் நின்றுவிடும், அடைப்பில்லை. பலகையில் கார்களுக்குப் போடுவது போன்ற ஊதா நிற 3 அம்பியர் பியூஸ், அதுவும் எரியவில்லை.

"மேலை போய் தெர்மோஸ்ரற்றைக் கழட்டு. பிறேக்கரை நிப்பாட்டிப்போட்டு."

"24 வோல்ற்தான் மாமா."

"எனக்கு 24உம் ஒண்டு, 240உம் ஒண்டு. நிப்பாட்டு."

சுவரில் சிவப்பு, வெள்ளை, மஞ்சள், பச்சை என நாலு வயர் பூட்டியிருந்தன. 'சி' என்ற இடம் வெறுமை. அங்கேதான் நோய். சி வயர் இருந்தால் கருவிக்கு 24 வோல்ற் ஓயாமல் வந்துகொண்டிருக்கும். இல்லாவிட்டால் சூட்டுக்குப் போகும் வயரிலேயே சொட்டுச் சொட்டாகக் களவெடுத்துத் தன் பற்றரியை நிரப்பும். எங்கள் சைக்கிள் றேடியோ மாதிரித்தான். மிதிக்கிற ஆள் மட்டும் இல்லை. வைஃபை, வெளிச்சத் திரை என்று செலவு கூடக் களவு போதாமல் போய்விடும். கூகிள் 2014இல் 320 கோடி டொலருக்கு வாங்கிய நெஸ்ட் நிறுவனத்தின் கருவிகளே, 2016 ஜனவரியில் மென்பொருள் பிழையால் பற்றரி இறங்கி, பலரைக் குளிரில் விட்டன. மருமகனுடையது வேறு கம்பனி. நோய் அதே குடும்பம்.

"சுவர் ஓட்டைக்குள்ளை விரலை விட்டுப் பார், மிச்ச வயர் ஏதும் சுருட்டிக் கிடக்கோ எண்டு."

நீல வயர் ஒன்று கிடந்தது. வீடு கட்டினவன் போட்டுவிட்டு, தேவையில்லை என்று மடித்துச் செருகியிருக்கிறான். கீழே பேர்னஸ் பலகையின் சியில் ஒரு முனை, மேலே தெர்மோஸ்ரற்றின் சியில் மறு முனை. பிறேக்கரைப் போட்டான். திரை விழித்தது. விழித்ததும் அது கேட்ட முதற் கேள்வி: வைஃபை கடவுச்சொல் என்ன?

அதை மாற்றி வைத்திருந்தது அவனுடைய மகள். அவள் நித்திரை.

"கீழை 'பிறகு' எண்டு இருக்கெல்லே, அதை அமத்து. சூடு வரும்."

"அமத்தினால் போனிலை பாக்கேலாது மாமா."

"நீ அதுக்கு முன்னாலை நிக்கிறாய். போனிலை என்னத்துக்குப் பாக்கிறாய்?"

பதில் இல்லை. இரண்டு கம்பளி உடுப்போடு போய் மகளை எழுப்பிவிட்டான். அவள் போர்வைக்குள் இருந்தபடியே, போன கிழமை பறித்த ஐபாட் எங்கே என்று கேட்டது எனக்கும் கேட்டது. விடியமுன்னம் வீடு 22 பாகைக்கு வந்துவிட்டதாம். ஐபாட் அதற்கு முதலே வந்துவிட்டது என்று தங்கச்சி சொன்னாள்.