வில்லியனூர், பாகூர் வட்டார வீடுகளில் கூச்ச சுபாவமுள்ள பேய்க்கணவாய் வளர்ப்பு: ஒரு முன்னாய்வு

ஆடு, கோழி, கிளி, லவ் பேர்ட்ஸ், சிமென்ட் தொட்டியில் கப்பி மீன் என்று புதுச்சேரியின் கொம்யூன் கிராமங்கள் வளர்த்துப் பார்க்காத உயிர் குறைவு. ஆனால் பேய்க்கணவாயை, அதாவது ஆக்டோபஸை, கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் வைப்பது பற்றிப் பேசுவாரில்லை. இத்தனைக்கும் பாகூர் கல்விக்குப் புதிய ஊரல்ல. 9ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தில், இங்கிருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் சொல்கின்றன. அங்கே ஓதப்பட்ட வித்தைகளில் கணவாய் வளர்ப்பு விடுபட்டிருக்க வேண்டும். இக்கட்டுரை அந்தக் குறையை நிரப்பப் புறப்பட்டது.

முதலில் கூச்சம். எட்டுக் கை இருந்தும் ஒரு பிராணி வெட்கப்படுமா என்று கேட்பவர்கள் ஜெனிஃபர் மேத்தர், ரோலண்ட் ஆண்டர்சன் இருவரும் 1993இல் வெளியிட்ட ஆய்வைப் பார்க்கலாம். 44 சிவப்பு ஆக்டோபஸ்களைத் தனித்தனியாக வைத்து அவர்கள் செய்தது மூன்றே காரியம்: தொட்டியை எட்டிப் பார்த்தார்கள், பிரஷ்ஷால் தொட்டார்கள், நண்டு கொடுத்தார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நடந்துகொண்டது. சில எதிர்கொண்டன, சில பதுங்கின. ஆளுக்கொரு குணம் உண்டு என்று முடிவாயிற்று. சியாட்டில் அக்வேரியத்தில் ஒரு பெண் ஆக்டோபஸ் காசு கொடுத்து வந்த கூட்டத்துக்கு முகம் காட்டாமல் தொட்டியின் பின்திரைக்குப் பின்னாலேயே ஒளிந்துகொண்டது. வீட்டை விட்டு வெளியே வராத கவிஞர் எமிலி டிக்கின்சனின் பெயரை ஊழியர்கள் அதற்குச் சூட்டிவிட்டார்கள்.

இந்தப் பிறவியைக் கொண்டுவந்து வில்லியனூரில் வைத்தால் என்ன ஆகும்? பகலில் கதவு சாத்தினால் உடம்பு சரியில்லையா என்று நாலு பேர் விசாரிக்க வரும் ஊர் அது. தேர்த் திருவிழா வந்தால் திண்ணை முதல் கொல்லை வரை உறவுக்கூட்டம். ஆய்வுக்குழு எதிர்பார்க்கும் உரையாடல் இது:

“என்னடா வளக்கிற?”

“ஆக்டோபஸ், சித்தப்பா.”

“எங்க?”

“அந்தக் கல்லுக்குப் பின்னால.”

“போன தீபாவளிக்கும் அங்கதானடா இருந்துச்சு?”

சித்தப்பாவைக் குறை சொல்ல முடியாது. நொடிப்பொழுதில் தோலின் நிறத்தையும் சொரசொரப்பையும் மாற்றிக் கல்லோடு கல்லாகிவிடும் உயிரை, அது தொட்டியில்தான் இருக்கிறது என்று நிரூபிப்பதே வளர்ப்பவரின் முழுநேர வேலையாகிவிடும். சித்தப்பா கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தால் விவகாரம் முற்றும். ஒரே சீருடை அணிந்த இருவரில் ஒருவர் தீனி போட, மற்றவர் குச்சியால் சீண்ட, இரண்டு வாரத்துக்குள் ஆக்டோபஸ்கள் இருவரையும் பிரித்தறிந்ததாக 2010இல் சியாட்டில் குழு எழுதியது. சித்தப்பா அடுத்த முறை சட்டை மாற்றி வந்தும் பயனில்லை.

அடுத்தது தண்ணீர். ஊசுட்டேரி பக்கத்தில் இருக்கிறது, பாகூர் ஏரி இருக்கிறது, இரண்டாலும் பயனில்லை. கணவாய் இனத்தில் நன்னீரில் வாழ்வது ஒன்றுகூடக் கிடையாது. போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்று புலம்பும் விவசாயி, இதற்காவது ஆகுமே என்று ஆறுதல் அடைய வேண்டாம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. 250 லிட்டர் தொட்டிக்குக் கணக்குப் போட்டால் எட்டேமுக்கால் கிலோ. அதுவும் மளிகைக் கடைப் பாக்கெட் உப்பாக இருக்கக் கூடாது. மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் கடலில் உள்ள அளவில் சேர்ந்திருக்க வேண்டும். மூர்த்திக்குப்பம் கடற்கரையிலிருந்து டிவிஎஸ் எக்ஸ்எல்லில் குடம் குடமாகக் கொண்டுவரலாம்தான். கழிவு சேரச் சேரத் தண்ணீரை மாற்றியாக வேண்டும் என்பதால் அது ஒரு நாளோடு முடியும் பயணம் அல்ல.

அந்தக் குடம் செப்புக்குடமாக இருந்துவிடக் கூடாது. இந்த உயிருக்கு இதயம் மூன்று, இரத்தம் நீலம்; ஆக்சிஜனைச் சுமப்பது நம்மைப் போல இரும்பு அல்ல, செம்பு. ஆனால் அதே செம்பு தண்ணீரில் கரைந்து வந்தால் மிகக் குறைந்த அளவிலும் விஷம். செப்பேட்டால் பெயர் பெற்ற ஊருக்கு இது ஒரு பின்னடைவு என்பதை ஆய்வு வருத்தத்துடன் பதிவு செய்கிறது.

ஈடு செய்யும் சாதகம் ஒன்றும் உண்டு. இந்தோனேசியக் கடலில் ஒருவகை ஆக்டோபஸ் பாதித் தேங்காய்ச் சிரட்டைகளைச் சுமந்து போய், வேண்டும்போது ஒன்றோடொன்று கவிழ்த்து உள்ளே புகுந்துகொள்வதை 2009இல் ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்தார்கள். சிரட்டை விஷயத்தில் பாகூரிடம் சியாட்டில் கைகட்டி நிற்க வேண்டும்.

மூடிதான் உயிர்நாடி. உடம்பில் எலும்பில்லை, கிளி மூக்கு போன்ற அலகு நுழையும் ஓட்டையில் முழு ஆளும் நுழைந்துவிடும். நியூசிலாந்தின் நேப்பியரில் இன்கி என்ற ஆக்டோபஸ், சற்றே திறந்திருந்த மூடி வழியே இறங்கி, தரையைக் கடந்து, 50 மீட்டர் வடிகால் குழாயில் வழுக்கிக் கடலுக்கே போய்விட்டது. 2016இல் உலகமே அதைப் பேசியது. வில்லியனூர் வாய்க்காலில் இறங்கினால் கடல் கிடைக்காது, கொசு மருந்துதான் கிடைக்கும். எனவே மூடிமேல் அம்மிக்கல் பரிந்துரைக்கப்படுகிறது. மிக்ஸி வந்தபின் அதற்கு வேறு வேலையும் இல்லை. மின்விளக்கைத் தொட்டிக்கு நேர் மேலே மாட்ட வேண்டாம். ஜெர்மனியின் கோபர்க் நகரில் ஓட்டோ என்ற ஆக்டோபஸ் 2008இல் விளக்கின்மேல் தண்ணீரைப் பீய்ச்சியடித்து அக்வேரியத்தையே இருளாக்கியது. இரவில் கரண்ட் போனால் லைன்மேனுக்குப் போன் செய்யுமுன் தொட்டியைப் பார்ப்பது முறை.

உணவு, நண்டு. இதில் ஆய்வு அதிகம் முன்னேறவில்லை. புதுச்சேரியின் நெற்களஞ்சியமான பாகூரில் வயல் நண்டுக்குப் பஞ்சமில்லை, ஆனால் அதனோடு பூச்சிமருந்தும் வரும். கடல் நண்டை உயிரோடு வாங்கி, அடுப்படியைத் தாண்டித் தொட்டிவரை கொண்டுசேர்ப்பது எப்படி என்பது தனி ஆய்வுக்குரியது.

இவ்வளவும் செய்தாலும் சிறிய இனங்கள் வாழ்வது ஏறக்குறைய ஓராண்டு. பெண்ணாக இருந்தால் முட்டையிட்டபின் சாப்பாட்டை நிறுத்தி, முட்டைகளைக் காத்தபடியே மெலிந்து, குஞ்சு பொரிக்கும் சமயத்தில் இறந்துபோகும். ஆகவே தொட்டியை இரண்டு வருடத் தவணையில் வாங்குவதை இக்கட்டுரை பரிந்துரைக்கவில்லை. ரொக்கம் இல்லாதவர்கள் கப்பி மீனையே தொடரலாம். அது கூச்சப்படாது, போர் தண்ணீரிலும் பெருகும், சித்தப்பா கேட்டால் ஒரு டப்பாவில் பத்தைப் பிடித்துக் கொடுத்தனுப்பவும் செய்யலாம்.