யாருக்கும் தடையில்லை

பெறுநர்: முனைவர் பட்டச் சேர்க்கைப் பிரிவு. (பல்கலைக்கழகத்தின் பெயர் தேவையில்லை. வாசிக்கும் எந்தப் பிரிவும் தன்னைத்தான் என்று எண்ணிக்கொள்ளத் தடையில்லை.)

பொருள்: மருத்துவ ஆராய்ச்சி – பகுதிநேர முனைவர் பட்டம் – விண்ணப்பம் திருப்பப்பட்டு ஏழு நாளுக்குள் விளக்கம் கோரப்பட்டது – விளக்கம் அளித்தல் – தொடர்பாக.

சிதம்பரம் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே, அண்ணாமலை நகரில் உள்ள மருத்துவக் கல்லூரிக்கு இரண்டு பெயர்கள். 1985இல் தொடங்கியபோது அது ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி. 1929 முதல் அங்கே இருந்துவரும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கம். 2013இல் அரசு தனிச்சட்டம் கொண்டுவந்து பல்கலைக்கழக நிர்வாகத்தை ஏற்றது. கல்லூரி அரசுடையது ஆனது, கட்டணம் ஆகவில்லை. மற்ற அரசுக் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். படிக்க அப்போது ஆண்டுக்கு 13,610 ரூபாய் என்றால் இங்கே 5.44 லட்சம். 2020 டிசம்பரில் மாணவர்கள் வளாகத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். பொங்கலும் அங்கேயே கழிந்தது. 2021 ஜனவரிக் கடைசியில் கல்லூரியை மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றி அரசாணை வந்தது. கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி என்ற தகுதியோடு பெயர்ப்பலகையில் கடலூர் ஏறியது. கட்டடம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கடலூர் நகரம் அங்கிருந்து வடக்கே நாற்பது கிலோமீட்டருக்கு மேல், பி.முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் எல்லாம் தாண்டிப் போக வேண்டும். இதில் ரகசியம் ஏதுமில்லை. (சிதம்பரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தச் சொல்லுக்குக் கொஞ்ச காலம் ஓய்வு கொடுக்கலாம்.)

பிரிவு கேட்ட விளக்கம் இதோடு முடிந்தது. ஆனால், நுணுகி நுணுகிப் பார்ப்பதில் நுண்ணோக்கியையே வெட்கப்பட வைக்கும் பிரிவுக்கு இவ்வளவு போதாது. ஆகவே மற்றவையும் வரிசையாகச் சொல்லப்படுகின்றன.

விண்ணப்பதாரர் அந்தக் கல்லூரியில் பழைய பெயர்க் காலத்தில் எம்.டி. நுண்ணுயிரியல் முடித்தவர். கடலூரில் ஒரு தனியார் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறார். இணைய விண்ணப்பத்தில் படித்த கல்லூரியைப் பட்டியலிலிருந்துதான் தேர்ந்தெடுக்க முடியும், தட்டச்சு செய்ய வழியில்லை. பட்டியலில் புதிய பெயர் மட்டும் இருந்தது. சான்றிதழ்களில் பழைய பெயர் மட்டும் இருந்தது. சரிபார்ப்பு நாளன்று, விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து, மூலச் சான்றிதழ்களைப் பொத்தான் வைத்த பிளாஸ்டிக் ஃபைலில் அடுக்கி, இரண்டு செட் ஜெராக்ஸோடு அவர் வரிசையில் நின்றார். மூன்றே கால் மணி நேரம் கழித்துக் கவுன்டரில் இருந்தவர் சான்றிதழில் பென்சில் முனையை ஊன்றினார். ஊன்றிய பென்சில் நகரவில்லை.

“இந்தப் பேர்ல காலேஜே லிஸ்ட்ல இல்லையே, மேடம்?”

“பேரை மாத்திட்டாங்க சார். இப்ப அதுதான் கடலூர் கவர்மென்ட் மெடிக்கல் காலேஜ்.”

“நீங்க படிச்சது எங்க?”

“சிதம்பரத்துல.”

“போட்டிருக்கறது கடலூர்.”

“பேர்தான் சார் கடலூர். காலேஜ் சிதம்பரத்துல இருக்கு.”

“அப்ப கடலூர்ல என்ன இருக்கு?”

வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். கவுன்டரில் இருந்தவர், சிரிப்பு கொடுத்த உற்சாகத்தில், “ஏற்கெனவே டாக்டர்தானே நீங்க? இன்னொரு டாக்டர் எதுக்கு?” என்றும் கேட்டார். அதற்கும் சிரித்தார்கள். பிறகு ஃபைலை இந்தப் பக்கம் தள்ளிவிட்டு, மிகுந்த கனிவோடு, “எங்களுக்கு ஒண்ணும் தடையில்ல மேடம். ரெண்டும் ஒரே காலேஜ்தான்னு ஒரு விளக்கம் மட்டும் குடுத்துடுங்க” என்றார்.

நின்ற இடத்திலேயே நின்று பெயர் மாறுவது இம்மாவட்டத்தின் பொதுப் பண்பு என்பதையும் பிரிவு அறிய வேண்டும். 1993 செப்டம்பர் வரை இது தென்னாற்காடு மாவட்டம். விழுப்புரம் பிரிந்த பிறகு தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம். 1997இல் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை எடுத்தபோது கடலூர் மாவட்டம். விண்ணப்பதாரர் 1989இல் பிறந்தவர். பிறப்புச் சான்றிதழில் முதலாவது, சாதிச் சான்றிதழில் இரண்டாவது, ஆதாரில் மூன்றாவது. வீடு மாறாமலே மூன்று மாவட்டங்களில் வாழ்ந்தவர் என்ற கணக்கில் அவருக்கு இடப்பெயர்வுச் சான்றிதழ் எதையும் பிரிவு இதுவரை கேட்கவில்லை. கேட்கத் தடையில்லை. வள்ளலாரின் பெயர் மாவட்டத்திலிருந்து போனாலும் வடலூரில் அவர் 1867இல் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. அங்கே பந்தியில் உட்காருகிறவரிடம் எந்த மாவட்டம் என்று கேட்கிற வழக்கமில்லை.

இனி, தடையில்லாச் சான்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, வேலையில் இருந்துகொண்டு பகுதிநேரமாக முனைவர் பட்டம் படிக்க விரும்புகிறவர் வேலை தருபவரிடமிருந்து இதைப் பெற்றுத் தர வேண்டும். படிக்க அனுமதி உண்டு, ஆராய்ச்சிக்குப் போதிய நேரம் கிடைக்கும், தேவைப்பட்டால் பாடப்பயிற்சிக்காக வேலையிலிருந்து விடுவிப்போம் என்று மூன்றையும் அதில் எழுத வேண்டும். ஆய்வகத்தின் மேலாளர், “எங்களுக்கு என்ன தடை டாக்டர்? பெருமைதானே” என்றார். அதை எழுதித் தரச் சொன்னபோது, தலைமை அலுவலகத்தைக் கேட்க வேண்டும் என்றார். தலைமை அலுவலகத்துக்கும் தடையில்லை. தடையில்லை என்று எழுதத்தான் சட்ட ஆலோசகரைக் கேட்க வேண்டும். சட்ட ஆலோசகருக்கும் தடையில்லை. அவர் ஊரில் இல்லை. விண்ணப்பதாரரின் கணவருக்குத் தடையில்லை. மாமியாருக்கும் தடையில்லை, பேரனுக்குப் பரீட்சை முடியட்டும் என்றார். உலகத்தில் யாருக்குமே தடையில்லாத ஒரு காரியம் ஒன்றரை வருடமாக நடக்காமல் இருப்பது இயற்பியல் துறையின் கவனத்துக்கு உரியது.

வழிகாட்டி கிடைப்பதும் இதே வகை. ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டு ஆய்வாளர்களை வைத்துக்கொள்ளலாம், இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு. ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது. விண்ணப்பதாரர் போய்ப் பார்த்த ஐவரில், விஷயம் தெரிந்தவர்கள் இருவரும் ஓய்வை நெருங்கியவர்கள். இடம் இருந்த ஒருவருக்கு ஆராய்ச்சித் தலைப்பில் ஆர்வமில்லை. மற்ற இருவருக்குத் தடையில்லை, கோட்டா நிரம்பிவிட்டது.

நுழைவுத் தேர்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2022 நெறிமுறைகள் வினாத்தாளில் பாதி ஆராய்ச்சி முறையியல், பாதி பாடம் என்று வகுத்தன. எழுத்துக்கு 70, நேர்காணலுக்கு 30. 2024 மார்ச்சில், இனி தேசியத் தகுதித் தேர்வான நெட் மதிப்பெண்ணையே முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். அந்த ஜூன் 18 அன்று நெட் நடந்தது. மறுநாள் ரத்தானது.

ஆராய்ச்சித் தலைப்பு எலிக்காய்ச்சல். 1886இல் ஜெர்மன் மருத்துவர் அடால்ஃப் வைல் இதன் கடுமையான வடிவத்தை விவரித்தார். காரணம் லெப்டோஸ்பைரா என்ற திருகுச் சுருள் பாக்டீரியா. எலியின் சிறுநீரகத்தில் சாவகாசமாகக் குடியிருந்து, சிறுநீரோடு வெளியேறி, தேங்கிய நீரிலும் சேற்றிலும் காத்திருக்கும். தோலில் கீறலோ, ஊறிய வெடிப்போ போதும், உள்ளே வந்துவிடும். அந்தமானில் இது நெடுங்காலத் தொல்லை. அங்குள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) மையம் இதற்கென்றே பெயர் பெற்றது. காட்டுமன்னார்கோவில், வீராணம், கொள்ளிடக்கரைப் பக்கம் ஐப்பசி கார்த்திகையில் வயலில் இறங்குகிறவர்களின் கால் விரலிடுக்கைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தலைப்பு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. தோல் வெளுத்து, சோற்றுக் கஞ்சியில் ஊறிய துணி மாதிரி இருக்கும்.

இந்த ஆய்வுக்கு மனிதர்களிடம் ரத்தம் எடுப்பதால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். இது நியாயமான விதி, ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல்களைப் படித்தவர் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஒப்புதல் கடிதம் இருந்தால்தான் பதிவு என்று பிரிவு சொல்கிறது. பதிவு எண் இருந்தால்தான் கோப்பை எடுப்போம் என்று குழு சொல்கிறது. இரு தரப்புக்கும் ஒருவரை ஒருவர் குறித்துத் தடையில்லை. லெப்டோஸ்பைராவை ஆய்வகத்தில் வளர்ப்பது பெரும்பாடு. வளர்ந்ததா இல்லையா என்று தெரியவே வாரக்கணக்காகும், சில சமயம் மூன்று மாதமும் ஆகும். ஆமை வேக பாக்டீரியா என்று பாடப்புத்தகங்கள் அதை இனியும் சொல்வது முறையல்ல.

நாற்று நடுகிற பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் ஒரு ஊசி, அப்புறம் டெங்கு டெஸ்ட், அப்புறம் கண் மஞ்சளானதும் நாட்டு மருந்து. சிறுநீர் நின்ற பிறகுதான் பெரியாஸ்பத்திரி. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் மலிவான டாக்ஸிசைக்ளினே கேட்கும் நோய் இது. எந்த ஊரில், எந்த மாதத்தில், யாருக்கு வருகிறது என்று கணக்கெடுக்க ஒருவர் தன் சொந்தக் காசில், தன் விடுப்பில் முன்வந்து நிற்கிறார். அவரை நிறுத்திவைத்து “கடலூர்ல என்ன இருக்கு” என்று கேட்டுச் சிரிக்கிறீர்கள். கடலூரில் காய்ச்சல் இருக்கிறது. வெட்கமில்லையா?

மேற்கண்ட பத்தியின் கடைசி வரி விளக்கக் குறிப்பின் நடைக்குப் பொருந்தாது. பிரிவு அதைப் படிக்காததாகக் கொள்ள வேண்டுகிறோம், கொள்ளத் தடையுமில்லை. பிரிவின் பொறுமை ஊரறிந்தது. சாதாரண அலுவலகமாக இருந்தால் விண்ணப்பத்தை நிராகரித்து, காரணத்தை எழுதி, கையெழுத்தும் போட்டிருக்கும். விண்ணப்பதாரரும் மேல்முறையீடு செய்து எல்லோர் நேரத்தையும் வீணாக்கியிருப்பார். இப்பிரிவு இதுவரை ஒருவரையும் நிராகரித்ததில்லை. திருப்பி மட்டுமே அனுப்புகிறது.

திருப்பி அனுப்பியதில் ஒரு சிறு சிக்கல். விண்ணப்பதாரருக்கு இரண்டு பெயர் இருந்தால் நோட்டரியிடம் போய், இருவரும் நானே என்று பிரமாணப் பத்திரம் எழுதித் தரலாம். கல்லூரியைக் கூட்டிக்கொண்டு போய் நோட்டரி முன்னால் நிறுத்த முடியாது. ஆகவே 2021 அரசாணையின் நகலைத் தொலைபேசியில் காட்டியபோது, நகலில் பச்சை மைக் கையெழுத்து இல்லை என்பது சுட்டிக்காட்டப்பட்டது. பச்சை மையில் சான்றொப்பமிட ஓர் அதிகாரி கிடைத்தார். அரசாணையைப் படித்துப் பார்த்துவிட்டு அவர் கேட்டது, “இதுல எனக்குத் தடையில்ல டாக்டர். ஆனா உங்க காலேஜ் சிதம்பரத்துல இருக்கா, கடலூர்ல இருக்கா?”

விண்ணப்பத்தின் தற்போதைய நிலை, இணையதளத்தின்படி, ‘செயலாக்கத்தில் உள்ளது’. கட்டணம் திருப்பித் தரப்படாது.

இணைப்பு:
1. அரசாணை நகல், பச்சை மையில் சான்றொப்பமிட்டது.
2. எம்.டி. பட்டச் சான்றிதழ் நகல், பழைய பெயரில்.
3. சிதம்பரம் ரயில் நிலையத்திலிருந்து கல்லூரிக்கு நடந்து போகும் வழி, பேனாவால் வரைந்தது.
4. இவ்விளக்கத்தை ஏற்கத் தடையில்லை என்ற சான்று. பிரிவு தர வேண்டியது, இணைக்கப்படவில்லை.