ஓர் ஆபத்தான மிதிவண்டிக்காரனின் நன்றிக் கடிதம்

பெறுநர்: உயர்திரு அதிகாரி அவர்கள். (பலகையில் அலுவலகத்தின் பெயர் இல்லை, ஆகவே இங்கும் இல்லை.)

பொருள்: ஆற்றுக்கரையில் மிதிவண்டியால் விளையவிருந்த பேராபத்தைத் தடுத்தமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

ஐயா,

செவ்வாய்க்கிழமை காலை தங்கள் ஊழியர் என்னைப் பிடித்த படம் இந்நேரம் தங்கள் வாட்ஸ்ஆப் குழுவுக்கு வந்திருக்கும். ‘பாதுகாப்பு கருதி இக்கரையில் மிதிவண்டிகள் செல்லத் தடை – உத்தரவுப்படி’ என்ற புதுப் பலகைக்குக் கீழே, இரும்புக்குழாய்த் தடுப்பை ஒட்டி, ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் அடியேன்தான். முதலில் எடுத்த படம் சரியில்லை. “ஐயா, தலைத்துண்ட எடுங்க, மொகம் தெரியணும், மேலேருந்து கேப்பாங்க” என்றார் அந்தத் தம்பி. எடுத்தேன். “சைக்கிளும் முழுசாத் தெரியணும்” என்றார். திருப்பி நிறுத்தினேன். அந்த நேரம் பார்த்து மணல் டிராக்டர் ஒன்று வந்து ஹாரன் அடித்தது. தம்பி போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடி, “வாங்கண்ணே” என்று தடுப்பைத் தூக்கிவிட்டார். டிரெய்லர் போக இடம் போதாமல் நான் வண்டியோடு சரிவில் இறங்கிக் காட்டாமணக்குப் புதருக்குள் நின்றேன். புழுதி அடங்கியதும் இன்னொரு படம் எடுத்தார். அது நன்றாக வந்ததாம்.

தங்கள் முன்யோசனையை எப்படிப் புகழ்வது! என் வண்டி எத்தகையது என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கிறது. காற்றடைத்த இரண்டு டயர். இழுத்துப் பிடித்தால் சில சமயம் நிற்கும் பிரேக். உச்சக்கட்டமாக, கட்டைவிரலால் தட்டினால் ‘கிணிங்’ என்று ஒலிக்கும் ஒரு பெல். இப்படிப்பட்ட ஆயுதத்தோடு ஒருவன் தலைஞாயிற்றுப் பக்கத்து வயல்களுக்கு நடுவே கரைமேல் போனால் என்னவெல்லாம் நடக்கக்கூடும்! மடையான்கள் எழுந்து பறக்கும். வளைக்கு வெளியே வந்த நண்டு திரும்பவும் உள்ளே போகும். மணல் டிராக்டரின் ஓட்டுநர், பாவம், பெல் சத்தம் கேட்டுப் பயந்து ஸ்டியரிங்கை விட்டுவிட்டால் யார் பொறுப்பு?

அந்தக் கரை தங்கள் துறை போட்டதில்லை, எந்தத் துறையும் சைக்கிளுக்கென்று போட்டதில்லை. மதகு பார்க்கிற லஸ்கர் போய்வர விட்ட வழி அது. இரண்டு பக்கமும் சக்கரத் தடம், நடுவில் புல். சம்பா பச்சை கட்டி நிற்கும்போது ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் பயிர், காதில் செயின் சத்தம் மட்டும். இடையிடையே கருவை முள். அதை மிதித்துப் பஞ்சரானால் உருட்டிக்கொண்டு போக வேண்டியதுதான், கடை கிடையாது. கிழக்கே போகப் போகக் காற்றில் உப்பு ஏறும். வயல் முடிந்து அகஸ்தியம்பள்ளிப் பக்கம் உப்பளம் தொடங்கும். கீற்று வேய்ந்த உப்பு அம்பாரங்களைத் தாண்டிப் போனால் கோடியக்காட்டில் வெளிமான். மதியத்துக்கு மேல் கொண்டல் எழுந்துவிட்டால் போகிறவனுக்கு எதிர்காற்று, திரும்புகிறவனுக்கு இலவச மோட்டார். (மோட்டார் என்று எழுதிவிட்டேனே. வரி ஏதும் உண்டா?) 2018 நவம்பரில் கஜா வந்து கரையோர மரங்களை முறித்துப் போட்டபின் நிழல் குறைவு. அது ஒன்றுதான் குறை. புயல்கூட மரத்தைத்தான் சாய்த்தது, பலகை நட்டு வைத்துவிட்டுப் போகவில்லை.

இந்தப் பக்கத்துக்குத் தடை புதிதல்ல என்பதையும் தங்கள் மகிழ்ச்சிக்காகச் சொல்லிவைக்கிறேன். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி தொண்டர்களோடு வேதாரண்யத்துக்கு நடந்தார், உப்பு அள்ள. தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன் துரை, அவர்களுக்குச் சோறு போட்டாலோ இடம் கொடுத்தாலோ தண்டனை என்று உத்தரவு போட்டார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஆனாலும் துரை, வழியை மறித்து நடக்கிறவனை நிறுத்திப் படம் எடுத்து அனுப்பச் சொல்லவில்லை. அந்த அளவில் தாங்கள் அவரைத் தாண்டிவிட்டீர்கள். நடந்துபோன அவர்களால் ஆபத்து குறைவு என்று நினைத்தாரோ என்னவோ. அவர்களிடம் பெல் இல்லையே!

புதுக்கோட்டை மாவட்டம் இன்னும் மோசம். 1990-களின் தொடக்கத்தில் அங்கே ஷீலாராணி சுங்கத் என்ற கலெக்டர், அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு மிதிவண்டியும் கற்றுக்கொடுத்தார். கல்குவாரிக் கூலிப் பெண்கள், நர்சுகள், ஆசிரியைகள் என்று பல்லாயிரம் பேர் சீட்டில் ஏறினார்கள். பலருக்கு லேடீஸ் சைக்கிளைவிட ஆண்கள் ஓட்டும் பார் வைத்த வண்டிதான் தோது, பாரில் பிள்ளையை உட்கார்த்தலாம். ஒரு மாவட்டம் முழுக்க பெல்லோடு பெண்கள்! தாங்கள் அப்போது பணியில் இருந்திருந்தால் எத்தனை பலகைகள் வேண்டியிருக்கும்.

அரசாங்கமும் தங்களுக்கு எதிராகவே நடக்கிறது. 2001-இல் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம் வளர்ந்து, இப்போது அரசுப் பள்ளி பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கெல்லாம் வண்டி வருகிறது. ஒரு கையால் பெல்லை வழங்கிவிட்டு மறு கையால் பலகை நடுவதை எந்த நிர்வாகவியல் புத்தகத்தில் படித்தீர்கள் என்று தெரிந்தால் நானும் வாங்கிப் படிப்பேன்.

கரையில் தடை, சரி. அந்தப் பிளஸ் ஒன் பெண் எந்த வழியாகப் பள்ளிக்கூடம் போவாள்? கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக. வேளாங்கண்ணிக்குப் போகும் வேன்கள், மீன் லாரிகள், ஒன்றை ஒன்று முந்தும் பஸ்கள். தாருக்கும் மண்ணுக்கும் நடுவே அரை அடிப் பள்ளம். பின்னால் ஹாரன் கேட்டால் அவள் ஓரம் கட்ட வேண்டும். சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் எந்தப் பக்கம் விழுவாள் என்பது அவள் கையில் இல்லை. உங்களுக்கு இது தெரியாதா? தெரியும். அந்தச் சாலையில் உங்கள் ஜீப்பும் போகிறது, அதுவும் அவள் முதுகுக்குப் பின்னால் ஹாரன் அடிக்கிறது. கரையிலிருந்து அவளை இறக்கிவிட்டால் கரை டிராக்டருக்கு முழுசாகக் கிடைக்கும். அதைப் பாதுகாப்பு என்று எழுதக் கை கூசவில்லையா?

மன்னிக்கவும். வெயில். தங்கள் அருமை தெரியாமல் பேனா தடம் மாறிவிட்டது.

மேல்நாடுகளில் இதற்கு என்ன செய்கிறார்கள் என்று தாங்கள் கேட்கமாட்டீர்கள், நானே சொல்கிறேன். பெல்ஜியத்தில் லிம்பர்க் என்று ஒரு மாகாணம். 1995-இல் அங்கே வண்டி நெரிசல் இல்லாத பாதைகள் சந்திக்கும் முனைகளுக்கெல்லாம் எண் போட்டார்கள். போகிறவன் நாலைந்து எண்ணைத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டால் வயலும் கால்வாயும் பார்த்துக்கொண்டே நாள் முழுக்கப் போகலாம். பக்கத்து நெதர்லாந்தும் அதையே பிடித்துக்கொண்டது. நம்மிடம் எண் எழுத மதகுச் சுவர்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு டப்பா பெயின்ட், ஒரு பிரஷ், டிராக்டர் நுழையாமல் சைக்கிள் மட்டும் நுழையும்படி நடுவில் இரண்டு கல். செலவு இவ்வளவுதான். பில் பெரிதாக வராது என்பதால் தங்கள் மேசையில் இது தேறாது என்பதும் புரிகிறது.

ஆகவே பணிவான வேண்டுகோள் ஒன்று. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் இதையே மனுவாகக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். வர வேண்டிய வழி அந்தக் கரைதான். ஒரு நாளைக்கு மட்டும் செல்லத்தக்க அனுமதிச் சீட்டு ஒன்று அருள வேண்டும். பெல்லைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வரச் சித்தமாயிருக்கிறேன். சீட்டைத் தபாலில் அனுப்பினால் போதும். எங்கள் ஊர்த் தபால்காரர் இன்னும் சைக்கிளில்தான் வருகிறார், அதே கரை வழியாக. அவரை மறித்துப் படம் எடுத்துக்கொண்டு, தபாலை மட்டும் விட்டுவிடச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
தலைத்துண்டு இல்லாமல் படத்தில் நிற்பவன்