குண்டு விழுந்த தூரம்

புதுச்சேரியில் பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. அந்த நம்பிக்கையில்தான் கார்க்காரர் திருவான்மியூரில் அளந்து ஊற்றிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறினார். பக்கத்து இருக்கையில் அவருடைய பள்ளித் தோழர், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். போக வேண்டிய இடம் தரங்கம்பாடி.

மாமல்லபுரத்தில் ராஜசிம்மன் கட்டிய கடற்கரைக் கோயிலை வாத்தியார் ஓடும் காரிலிருந்தே கும்பிட்டார். இறங்கினால் பார்க்கிங் காசு. சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை இருக்கிறது என்றார். “இருக்கட்டும்” என்று பதில் வந்தது. கடப்பாக்கம் தாண்டுகிறவரை ஆலம்பரைக் கோட்டையைப் பற்றியே பேச்சு. 1750இல் அது பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே கைக்கு வந்ததையும், பத்தே வருஷத்தில் ஆங்கிலேயர் பிடித்து இடித்ததையும் அவர் உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருக்க, கார்க்காரரின் கண்ணோ பெட்ரோல் முள்ளை விட்டு நகரவில்லை.

மரக்காணத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஏசி நின்றது. இரு பக்கமும் உப்பளம். பாத்தி பாத்தியாக வெயில் கண்ணாடி போலக் கூசியது. வாத்தியாரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மடியில் மிளகாய்ப்பொடி தூவிய வெள்ளரிப் பிஞ்சு. அதைக் கடிக்கக்கூட மனமில்லாமல், “வண்டி நின்னா யாருடா தள்றது?” என்றார்.

வண்டி நிற்கவில்லை. புதுச்சேரியில் டேங்க் நிரம்பியது. மிச்சம் பிடித்த காசு கடற்கரையோரக் கடை ஒன்றில் இரண்டு காபிக்கே போதவில்லை.

கடலூரில்தான் கார்க்காரருக்கு வரலாறு பிடிக்க ஆரம்பித்தது. காரணம், அது ரியல் எஸ்டேட் கதை. 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கம்பெனி மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் ஆளுநர் எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் பெயர் கொடுத்த அதே ஆள். கோட்டையோடு சுற்றியுள்ள நிலமும் சேர்த்தி. எதுவரை? பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை. கம்பெனிக்காரன் விடுவானா? சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்து வரவழைத்து நாலா பக்கமும் சுட்டான். உள்ளே அகப்பட்டவை ‘குண்டு கிராமங்கள்’ ஆயின.

“என் அரை கிரவுண்டுக்கு சர்வேயர் பின்னாடி நாயா அலைஞ்சேன்டா” என்று பெருமூச்சு விட்டார் கார்க்காரர்.

தரங்கம்பாடிக் கோட்டையின் கதை இதற்கும் மேலே. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு ஓவே யெத்தே என்ற டேனிஷ் தளபதி இங்கே கடை விரித்தார். அதை டென்மார்க்கே மறந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். 1669 வரை பல வருஷங்கள் அங்கிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. இருந்தவர்கள் செத்தும் விட்டுப் போயும் கரைய, கடைசியில் மிஞ்சிய ஒரே டேனிஷ்காரன் எஸ்கில்ட் கோங்ஸ்பாக்கே. சாதாரண ஆள். வங்காளத்துக் கப்பல்களைப் பிடித்து விற்றான், அந்தப் பணத்தில் ஊரைச் சுற்றி மதில் எழுப்பினான், முற்றுகைக்கும் அசையவில்லை. ஒருவழியாகக் கப்பல் வந்தபோது அவனையே ஆளுநராக்கினார்கள்.

நாற்பது வயதுவரை தலைமை அலுவலகச் சுற்றறிக்கைகளில் மூழ்கிக் கிடந்த கார்க்காரர் கொத்தளத்தில் அப்படியே நின்றுவிட்டார். “ஹெட் ஆபீஸ் தொல்லை இல்லாததுனாலதான்டா ஒழுங்கா நடத்தியிருக்கான்!”

அதற்குப் பிறகு 1706இல் பாதிரியார் சீகன்பால்கு வந்தது, 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தது எல்லாவற்றையும் வாத்தியார் ஒரே மூச்சில் ஒப்பித்தார். 1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்து ஸ்ரீராம்பூரையும் டேனிஷ்காரர் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றதைச் சொன்னபோதுதான் கார்க்காரர் இடைமறித்தார். “கார் விலைடா இது.”

எதிரே மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகரபாண்டியன் காலத்தது. முன்பகுதியைக் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது. பீரங்கியும் பத்திரமும் இல்லாமலே.

நீங்களும் போவதாக இருந்தால் வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். கோட்டை அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை.