மாப்பிள்ளை தங்கம்தான்!

கேள்வி: ரெடிமேட் மென்பொருளை எப்படியும் சோதித்துத்தானே விற்கிறார்கள்? நம் சிஸ்டத்தில் பொருத்திய பிறகு எதற்கு இன்னொரு சோதனை? (வாசகர், திருப்பூர்)

பதில்: மாப்பிள்ளை தங்கம்தான், மாமியாரோடு ஒரே வீட்டில் தாக்குப்பிடிப்பாரா என்பது வேறு பரீட்சை.

1996 ஜூன் 4. பிரெஞ்சு கயானாவின் கூரூவில் ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணம். ராக்கெட்டின் திசையும் சாய்வும் சொல்லும் கருவிக்கு ஏரியான் 4-இன் மென்பொருளையே மாட்டியிருந்தார்கள். கடைச்சரக்குகூட இல்லை, வீட்டுச்சரக்கு! பழையதில் பிசகாமல் உழைத்ததுதான். ஆனால் புதியதன் கிடைமட்ட வேகம் அதிகம். 64 பிட் எண் ஒன்று 16 பிட் இடத்தில் அடங்காமல் வழிந்தது, கருவி படுத்துவிட்டது. ஸ்பேர் இருந்ததே என்பீர்கள். அதிலும் அதே மென்பொருள். அது முந்திக்கொண்டு படுத்திருந்தது! சுமார் 40 விநாடியில் வாணவேடிக்கை. கொடுமை என்னவென்றால், ராக்கெட் கிளம்பிய பிறகு அந்தக் கணக்கே தேவையில்லை.

சேர்த்துச் சோதிக்காமல் இல்லை, சோதித்தார்கள். ஆனால் நிஜக் கருவியை மாட்டாமல், அதைப்போல நடிக்கும் ஒரு மென்பொருளை வைத்து! பெண் பார்க்கப் போய், போட்டோவோடு பேசிவிட்டுத் தட்டு மாற்றிய கதை.