சாவிக்கொத்து ஹெச்.எம்.

பத்து அரசுப் பள்ளிக்குப் போனால் ஒன்றிலாவது இவரைப் பார்த்துவிடலாம். சட்டைப்பையில் இரண்டு பேனா, கையில் சாவிக்கொத்து. ஹைடெக் லேப் சாவிக்கு மட்டும் சிவப்பு நூல் கட்டியிருப்பார். லேப்புக்குள் செருப்போடு யாரும் போக முடியாது. பல நாள் செருப்பில்லாமலும் போக முடியாது.

"சார், பத்தாம் வகுப்புக்கு இதயம் பாடம். மணற்கேணி ஆப்ல வீடியோ இருக்கு. ஸ்மார்ட் போர்டுல போட்டா புரியும்" என்பார் அறிவியல் ஆசிரியை.

"நான் படிச்சப்ப எந்த போர்டு இருந்துச்சு டீச்சர்? எங்க வாத்தியார் சாக்பீஸ்லதான் வரைஞ்சார். எனக்கு இன்னும் நாலு அறையும் ஞாபகம் இருக்கு. தவிர, இன்னிக்கு வோல்டேஜ் சரியில்ல."

வோல்டேஜ் என்றைக்குமே சரியாக இருந்ததில்லை, சி.இ.ஓ. என்கிற முதன்மைக் கல்வி அலுவலர் ஆய்வுக்கு வரும் நாள் தவிர. அன்று காலை போர்டுக்கு மாலை போடாத குறைதான். போன முறை அதிகாரி முன்னால் 'வருக' என்று தானே எழுதிக் காட்ட முனைந்தார், மார்க்கர் பேனாவால். பின்வரிசையில் இருந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் எழுந்து, "ஐயா, விரலே போதுங்கய்யா" என்றான். எழுதியதை அழிக்கத் தேங்காய் எண்ணெய் தேட வேண்டியதாயிற்று.

பள்ளி விவரங்களை ஆன்லைனில் ஏற்றும் எமிஸ் விஷயத்தில் இன்னும் உஷார். வருகைப்பதிவு செயலியில் ஏறினாலும் நோட்டிலும் ஏற வேண்டும். "சர்வர் சுத்துனா நோட்டு சுத்துமா?" என்று கேட்பார். இதில் மட்டும் அவர் பக்கம் நியாயம் உண்டு. வேப்பமரத்தடியில் போனைத் தூக்கிப் பிடித்துச் சிக்னல் தேடிய ஆசிரியர்களைக் கேட்டால் தெரியும்.

மனிதர் கெட்டவர் இல்லை. 2011-இல் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கிய பிறகு, பெட்டி பெட்டியாக வந்து இறங்கியதைக் காத்த பயம் இன்னும் போகவில்லை. ஒன்று காணாமல் போனால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஓய்வு பெறும்போது ஆடிட்டில் ஒரு ஆட்சேபணை வந்தால் பென்ஷன் கோப்பு நகராது. இருப்புப் பதிவேட்டிலும் பொருள் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். எத்தனை பீரியட் ஓடியது என்று யார் கேட்டார்கள்?

ஆய்வுக்குப் போகும் அதிகாரிகளே, அடுத்த முறை அதை ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் கேளுங்கள். ஓடித் தேய்ந்த போர்டுக்கு மெமோ மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அப்புறம் சிவப்பு நூல் சாவியை ஹெச்.எம். தானாகவே டீச்சரிடம் கொடுத்துவிடுவார்.